இல்லத்து மின்விளக்கு: கம்பியிடும் முறையும் காப்பும்

மின்சாரம் நம் நாட்டில் புதுமை நீங்கிப் பழக்கப் பொருளாகிவிட்டது. தென்னார்க்காடு மாவட்டமாய் விளங்கிய இப்பகுதியிலுள்ள நெய்வேலியில், நிலத்தினின்றும் அகழ்ந்த பழுப்பு நிலக்கரியைக் கொண்டு 1962-ஆம் ஆண்டில் மின்சாரம் ஆக்கத் தொடங்கினர். இன்று விழுப்புரம், திண்டிவனம் முதலிய நகரங்களில் மாத்திரமன்று, முகையூரைச் சூழ்ந்த சிற்றூர்களின் ஓட்டு வீடுகளிலும் கூரை வீடுகளிலும் மாலை வந்தவுடன் சுவிட்சைத் தட்டி விளக்கேற்றுவது குழந்தைகளும் செய்யும் காரியமாயிற்று. ஆயினும், பழகிய பொருளெல்லாம் அறிந்த பொருள் ஆகிவிடாது. அகல் விளக்கை ஏற்றுவோர்க்கு அதன் அபாயம் கண்ணுக்குத் தெரிந்தது; மின்விளக்கின் அபாயமோ சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் மறைந்து கிடக்கின்றது. ஆதலின், விளக்கொன்று எரிகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அது முறைப்படி எரிகிறதா என்று பார்க்க அறிந்திருத்தல் கற்றோர் கடமையாகும். அதற்கு வேண்டிய சில அடிப்படைகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கொல்லும் அளவு எது?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். வீட்டிற்குள் வரும் கம்பிகள் இரண்டு. ஒன்று பேஸ் எனப்படும் உயிர்க்கம்பி. மற்றொன்று நியூட்ரல் எனப்படும் திரும்புகம்பி. நியூட்ரல் மின்மாற்றியினிடத்தே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கின்றது. ஆதலால் தரையில் நிற்கும் மனிதன் பேஸ் கம்பியைத் தொட்டால், மின்சாரம் அவனுடலின் வழியே பூமிக்கு இறங்கி, மின்மாற்றிக்குத் திரும்ப வழி பெறுகின்றது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் விதிகளெல்லாம் தாமே விளங்கும்.

நனைந்த உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொள்வோம். ஓம் என்பாரின் விதிப்படி 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் வரும். மனிதனுக்கு 1 மில்லி ஆம்பியர் அளவிலேயே உணர்ச்சி தோன்றும். ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரில் தசைகள் இறுகிப் பிடித்த கம்பியை விடமுடியாத நிலை வரும். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டுச் சிறிது நேரம் பாயின், இதயம் தன் துடிப்பின் ஒழுங்கை இழக்கக்கூடும். 9 வாட் எல்.இ.டி. பல்பொன்று எரிய வேண்டிய மின்னோட்டமே ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியராகும். எனவே, 'சின்ன விளக்குத்தானே, என்ன செய்துவிடும்?' என்னும் பேச்சு அறியாமைப் பேச்சு. விளக்குச் சிறிதாயினும் அதற்கு வரும் கம்பியின் அழுத்தம் சிறிதன்று.

பியூஸ் யாரைக் காப்பது?

'பியூஸ் இருக்கிறது, பயமில்லை' என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். பியூஸ் கம்பியும், இக்காலத்தில் அதற்கீடாக வைக்கும் எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சும், கம்பியைக் காப்பதற்கு அமைந்தவை. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தால் கம்பி சூடேறித் தீப்பற்றாதபடி அவை தடுக்கின்றன. மேலே கண்ட 0.23 ஆம்பியர் மனிதனைக் கொல்லப் போதும். ஆயின் 5 ஆம்பியர் பியூசுக்கு அது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மனிதன் மடிந்து கிடக்கும்போதும் அந்தப் பியூஸ் உருகாமல் இருக்கும்.

மனிதனைக் காப்பதற்கென்று அமைந்த கருவி வேறு. அதனை ஆர்.சி.சி.பி. என்பர். பேஸ் வழியே சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பிய மின்னோட்டமும் சமமாயிருக்கின்றனவா என்று அஃது இடையறாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். சென்றது மிகுந்து திரும்பியது குறைந்தால், குறைந்த பங்கு எங்கோ பூமிக்கு ஒழுகுகின்றது என்பது பொருள். அவ்வொழுக்கு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியே வீடுகளுக்கு ஏற்றது. அதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். எனினும், ஒருவன் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடிப்பானாயின், போனதும் வந்ததும் சமமாயிருத்தலின் இக்கருவியும் அவனைக் காவாது. ஆகவே கருவி உண்டென்று கவனக்குறைவு கொள்ளலாகாது.

பியூஸ் அடிக்கடி போகின்றதென்று கட்டையில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. காவற்காரன் அடிக்கடி கூவுகிறான் என்று அவன் வாயைக் கட்டுவதற்கு இஃது ஒப்பாகும். பியூஸ் போவதற்குரிய காரணத்தைத் தேடித் தீர்ப்பதே முறை.

சுவிட்சு இருக்கவேண்டிய இடம்

விளக்கிற்குக் கம்பியிடுவதில் தலையாய விதி ஒன்று: சுவிட்சு பேஸ் கம்பியில் இருத்தல் வேண்டும், நியூட்ரலில் இருத்தல் கூடாது. பேஸ் கம்பி பியூசிலிருந்து சுவிட்சுக்கும், சுவிட்சிலிருந்து ஹோல்டருக்கும் செல்லவேண்டும். நியூட்ரல் இடையில் எதனாலும் துண்டிக்கப்படாமல் நேரே ஹோல்டருக்குச் செல்லவேண்டும்.

இதனை மாற்றி இணைத்தாலும் விளக்கு எரியும். சுவிட்சைத் தட்டினால் அணையும். பிழை இருப்பதே தெரியாது. ஆயின் அணைந்த நிலையில் உயிர்க்கம்பி ஹோல்டர்வரை வந்து காத்துக்கொண்டிருக்கும். பல்பை மாற்றுவதற்கு இரும்பு நாற்காலி மேல் ஏறியவர், 'சுவிட்சை நிறுத்திவிட்டேனே' என்ற நம்பிக்கையோடு விரலை வைப்பர். நம் நாட்டில் பெரும்பாலும் வழங்கும் இரண்டு முனை ஹோல்டரில், பல்பு மாட்டியிருக்கும்வரை பேஸ் அழுத்தம் பல்பின் வழியே மறுமுனைக்கும் வந்து சேரும். திருகு ஹோல்டராயின் பேஸ் நடுமுனைக்கும் நியூட்ரல் சுற்றியுள்ள மரைக்கும் செல்லவேண்டும்; மாறினால், பல்பைத் திருகும்போது கையில் படும் உலோகமே உயிருள்ளதாகிவிடும்.

நியூட்ரலில் தனியே சுவிட்சோ பியூசோ வைக்கலாகாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 32-ஆம் விதி விலக்கிற்று. பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே துண்டிக்கும் இணைச் சுவிட்சுக்கு மாத்திரம் அங்கே இடமுண்டு. பழைய வீடுகளின் பலகைகளில் இரண்டு கம்பிகளுக்கும் தனித்தனிப் பியூஸ் கட்டைகள் இன்னும் காணப்படுமாயின், அவற்றை மாற்றிவிடுதல் நலம். நியூட்ரல் பியூஸ் மாத்திரம் உருகினால் வீடு முழுவதும் இருளும். இருண்ட வீட்டின் கம்பிகளெல்லாம் உயிரோடிருக்கும்.

எல்.இ.டி. விளக்குகள் இப்பிழையைச் சில வேளைகளில் தாமே காட்டிக்கொடுக்கும். சுவிட்சை நிறுத்திய பின்னும் பல்பு மங்கலாய் ஒளிவிடுமாயின், அதற்குரிய காரணங்களுள் ஒன்று சுவிட்சு நியூட்ரலில் இருத்தலாம். பார்த்து வியந்துவிட்டுப் போகாமல் வயர்மேனை அழைத்துச் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

படிக்கட்டு விளக்கு

கீழிருந்தும் மேலிருந்தும் ஏற்றி அணைக்கும் படிக்கட்டு விளக்கிற்கு இருவழிச் சுவிட்சுகள் இரண்டு தேவை. ஒவ்வொன்றிலும் பொதுமுனை ஒன்றும் புறமுனைகள் இரண்டும் உண்டு. பேஸ் கம்பி முதற் சுவிட்சின் பொதுமுனைக்கு வரும். இரண்டு சுவிட்சுகளின் புறமுனைகளையும் இரண்டு கம்பிகள் இணைக்கும். இரண்டாஞ் சுவிட்சின் பொதுமுனையிலிருந்து ஒரு கம்பி விளக்கிற்குச் செல்லும். விளக்கின் மறுமுனை நியூட்ரலில் சேரும். இதுவே முறை.

கம்பியை மிச்சப்படுத்த விரும்பும் சிலர், அருகிலுள்ள இணைப்புகளிலிருந்து பேஸையும் நியூட்ரலையும் ஒவ்வொரு சுவிட்சின் புறமுனைகளுக்கும் கொடுத்து, பொதுமுனைகள் இரண்டினிடையே விளக்கை மாட்டுவர். இவ்வமைப்பில் விளக்கு அணைந்திருக்கும்போது ஹோல்டரின் இருமுனைகளும் ஒருவேளை நியூட்ரலிலும், ஒருவேளை பேஸிலும் நிற்கும். அன்றியும், ஒரே சுவிட்சுக்குள் பேஸும் நியூட்ரலும் மயிரிழை இடைவெளியில் அடுத்தடுத்து இருத்தலால் பொறி பாய்ந்து எரியவும் கூடும். மிச்சம் சில மீட்டர் கம்பி. செலவு ஓர் உயிராகலாம். இதனை முற்றும் விலக்குக.

கம்பியின் நிறமும் பருமனும்

சுவருக்குள் இடும் கம்பிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை பேஸுக்கும், கறுப்பு நியூட்ரலுக்கும், பச்சை எர்த்துக்கும் நம் நாட்டில் வழங்கிவரும் நிறங்கள். கடையில் வாங்கும் அலங்கார விளக்குகளிலும் வளைகம்பிகளிலும் பழுப்பு நிறம் பேஸையும், நீலம் நியூட்ரலையும், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்தையும் குறிக்கும். ஆகவே சுவரில் பேஸாயிருக்கக்கூடிய நீலம் விளக்கில் நியூட்ரலாயிருக்கும். நீலத்தை நீலத்தோடு சேர்த்துவிட்டால் சரியென்று எண்ணுதல் தவறு. முன்னர் வேலை செய்தவர் நிறவிதியைக் கடைப்பிடித்தாரென்ற உறுதியும் இல்லை. நிறத்தை நம்பாது, சோதித்து அறிந்தே இணைத்தல் வேண்டும்.

விளக்குக் கம்பிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பி ஏற்றது. ஒரு கிளைச் சுற்றில் விளக்கு, மின்விசிறி, சிறு பிளக்கு ஆகியவை சேர்ந்து 10-க்கு மேற்படாமலும், மொத்தச் சுமை 800 வாட்டுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டுமென்பது இந்நாட்டு வழக்கநூல்கள் விதிக்கும் அளவு. இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கருவி முதலியவற்றிற்கு வேறு சுற்றும் பருத்த கம்பியும் வேண்டும்.

இவ்விடத்தில் கூரை வீடுகளைப்பற்றி ஒரு வார்த்தை. ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு வழங்கும் குடிர் ஜோதித் திட்டத்தை மத்திய அரசினர் 1988-89-ஆம் ஆண்டில் தொடங்கினர். நம் மாநிலத்திலும் குடிசைகளுக்கு ஒரு விளக்கு அளவில் இலவச இணைப்புகள் வழங்கப்பட்டன. ஒரு விளக்கிற்கென்று இழுத்த மெல்லிய கம்பியிலேயே பின்னர் விசிறி, தொலைக்காட்சிப் பெட்டி, மாவரைக்கும் இயந்திரம் எல்லாம் ஒவ்வொன்றாய்த் தொங்கலாயின. காய்ந்த கீற்றின் கீழ் சூடேறும் கம்பி எத்தன்மையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய வீடுகளில் செய்யவேண்டிய முதல் தருமம், கம்பியைக் கீற்றில் படவிடாமல் பி.வி.சி. குழாய்க்குள் செலுத்தி, சுமைக்கேற்ற பருமனுள்ளதாய் மாற்றித் தருதலேயாம்.

இணைப்பு உறுதி

தளர்ந்த இணைப்பு தீயின் தாய். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய 4.35 ஆம்பியர் இழுக்கும். வழியிலுள்ள இணைப்பொன்று தளர்ந்து அதில் 1 ஓம் தடை தோன்றினால், மின்னோட்டத்தின் வருக்கத்தைத் தடையால் பெருக்க, அந்தச் சிறு புள்ளியில் மாத்திரம் ஏறக்குறைய 19 வாட் வெப்பம் பிறக்கும். ஈயப்பற்று வைக்கும் கருவியின் சூட்டுக்கு அது சமீபமானது. கடலையளவு இடத்தில் அவ்வெப்பம் அடைபட்டால் உறை கருகித் தீப்பிடித்தல் வியப்பன்று.

ஆதலின் கம்பியின் உறையைத் திருகுமுனைக்கு வேண்டிய அளவே, ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர், சீவவேண்டும். இழைகளில் ஒன்றையும் அறுத்துவிடாமல் முறுக்கி, ஒரிழையும் வெளியே நீளாதபடி முனையிற் செலுத்தித் திருகை இறுக்கி, பின் கம்பியை மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். இணைப்புகள் ஜங்ஷன் பெட்டிக்குள்ளோ, சீலிங் ரோசிலோ, சுவிட்சுப் பெட்டியிலோதான் இருக்கவேண்டும். குழாய்க்குள் கம்பியை ஒட்டுப்போட்டு இழுத்தல் ஆகாது. தொங்கும் விளக்கின் பாரம் திருகுமுனைகளின்மேல் விழாதபடி, ரோசின் உள்ளும் ஹோல்டரின் உள்ளும் வளைகம்பியைப் பிடிப்பில் பொருத்தவேண்டும். பாரமான அலங்கார விளக்கைக் கம்பியால் தொங்கவிடாது, கூரையில் பதித்த கொக்கியில் சங்கிலியால் தொங்கவிடுதல் வேண்டும்.

எர்த்து

உலோக உடலுள்ள விளக்கு ஒவ்வொன்றிற்கும் பச்சைக் கம்பி சேரவேண்டும். உள்ளே பேஸ் கம்பியின் உறை தேய்ந்து உடலைத் தொட்டால், மின்சாரம் எர்த்துக் கம்பியின் வழியே பாய்ந்து பியூசையோ ஆர்.சி.சி.பி.யையோ இயக்கும். எர்த்து இல்லையெனில், முதலில் தொடும் மனிதனே எர்த்துக் கம்பியாவான். பச்சைக் கம்பியை வெட்டி மடக்கி உள்ளே திணித்துவிட்டு விளக்கை மாட்டுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

எர்த்துக் குழிக்கு நாகம் பூசிய இரும்புக் குழாய் 2.5 மீட்டருக்குக் குறையாமல் இறங்கவேண்டும். குழாயைச் சுற்றி உப்பும் கரியும் இடுவது பழைய வழக்கம். ஈரத்தைப் பிடித்து வைத்தலே அதன் நோக்கம். வறண்ட மண் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளாது. ஆதலால் பங்குனி, சித்திரை மாதங்களில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுதல் வீட்டாரின் கடமை. தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றிவிட்டு எர்த்து என்று பெயரிடுதல் ஆகாது. அக்குழாய் இடையில் பி.வி.சி.யாயிருந்தால், வீட்டுக் குழாய்களெல்லாம் அதிர்ச்சி தரும் கருவிகளாகிவிடும்.

வெள்ளத்திற்குப் பின்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை இம்மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. தென்பெண்ணை பெருகி அரசூரில் நெடுஞ்சாலைப் போக்குவரவே நின்றது. எத்தனையோ வீடுகளில் பிளக்கு மட்டத்திற்கு மேல் தண்ணீர் நின்றது. அவ்வாறான காலத்தில் தண்ணீர் வடிந்தவுடன் விளக்கைப் போட்டுப் பார்க்கும் ஆவல் இயல்பே. ஆயினும் அதுவே மிகவும் அஞ்சத்தக்க வேளை.

தண்ணீர் வீட்டிற்குள் வருமுன்னரே மெயின் சுவிட்சை நிறுத்தவேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அதனைத் தொடலாகாது. அந்நிலை வந்துவிட்டால் மின்வாரியத்தாரைக் கொண்டு வெளியிலேயே இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். வடிந்த பின், மூழ்கிய பெட்டிகளைத் திறந்து சேற்றைக் கழுவி உலர்த்தி, மூழ்கிய சுவிட்சுகளையும் பிளக்குகளையும் மாற்றவேண்டும். சுவர் உலர்ந்தாலும் குழாய்க்குள் நீர் தங்கியிருக்கும். ஆகவே மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட் அழுத்தத்தில் கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையேயுள்ள தடையை அளந்து, குறைந்தது 1 மெகாஓம் இருக்கக் கண்ட பின்னரே இணைப்புக் கொடுத்தல் முறை.

வேலை செய்யும் ஒழுங்கு

புதிதாகக் கம்பியிடும் வேலையைச் சட்டப்படி உரிமம் பெற்றவர்களே செய்யவேண்டும்; நம் மாநிலத்தில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்று அளிக்கின்றது. எனினும் பல்பு மாற்றுவோரும், வேலையை மேற்பார்க்கும் வீட்டாரும் பின்வரும் ஒழுங்கை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, மெயினை நிறுத்துக. பியூஸ் கட்டையாயின் அதனைக் கழற்றித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுக; வேறொருவர் அறியாமல் மாட்டிவிடும் அபாயம் இதனால் நீங்கும்.

இரண்டாவது, டெஸ்டரை முதலில் உயிருள்ளதென்று அறிந்த வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்து, பின் வேலை செய்யும் முனையில் வைத்து, மீண்டும் பழைய இடத்தில் வைத்துப் பார்க்க. அதற்கென ஓர் இணைப்பு உயிரோடு இருத்தல் வேண்டுமாதலின், முதற் சோதனையை மெயினை நிறுத்துமுன்னும், இறுதிச் சோதனையை மெயினின் உள்வரும் முனையிலும் செய்யலாம். ஒளிராத டெஸ்டர் கம்பி இறந்ததையும் குறிக்கலாம். டெஸ்டர் இறந்ததையும் குறிக்கலாமன்றோ?

மூன்றாவது, உலர்ந்த மர ஏணியின்மேல், உலர்ந்த கையோடு, செருப்பணிந்து நிற்க. துணைக்கு ஒருவர் அருகே இருக்க.

நான்காவது, வேலை முடிந்தபின் சுவிட்சை நிறுத்திய நிலையில் ஹோல்டரின் இருமுனைகளும் இறந்திருக்கின்றனவா என்று சோதிக்க. இந்த ஒரு சோதனையே, சுவிட்சு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும்.

எவரேனும் அதிர்ச்சியுற்று ஒட்டிக்கொண்டால், முதலில் அவரைத் தொடாது சுவிட்சை நிறுத்துக. அது கைக்கெட்டாதாயின், உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த மரக்கோலால் அவரை விலக்குக. 108-க்கு அழைத்துவிட்டு, மூச்சில்லையேல் உதவி வருமளவும் மார்பை விடாது அழுத்தி உயிர்ப்பூட்டுதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! ஓம் விதியை ஆய்வுகூடத்தில் மெய்ப்பித்து மதிப்பெண் பெறுகின்றோம். அவ்விதி நம் வீட்டுச் சுவரிலும் ஒவ்வொரு நொடியும் தவறாது நடந்துகொண்டிருக்கின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் இல்லத்தின் பியூஸ் கட்டையில் இருக்கும் கம்பி எத்தகையது, விளக்குச் சுவிட்சுகள் எக்கம்பியில் உள்ளன, எர்த்துக் குழி ஈரமாயிருக்கிறதா என்னும் மூன்றையும் தக்க வயர்மேனைத் துணைக்கொண்டு பார்த்து வாருங்கள். உங்கள் வீட்டைப் பார்த்தபின், எழுத்தறியாத அண்டை வீட்டாரின் ஒற்றை விளக்கையும் பாருங்கள். கல்லூரிக் கல்வியின் பயனை ஊரார் கண்கூடாகக் காண்பதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.